மசாய் மாராவுக்குப் படமெடுக்கப் போகிறீர்களா? திட்டமிடுவதில் இருந்து வண்டி ஜன்னல் வரை

முதல் தடவை கென்யா போனபோது எட்டு நாளில் நான்கு காடுகள் என்று ஒரு பயணத்தை எடுத்தேன். அம்போசெலி, நைவாஷா, நகுரு, மாரா. பட்டியலாகப் பார்க்க நிறைவாகத்தான் இருந்தது. ஊருக்கு வந்து படங்களை நேரவாரியாக அடுக்கிப் பார்த்தபோது தெரிந்தது, காலை ஆறரையில் இருந்து எட்டரை வரை இருக்கும் அந்த அருமையான வெளிச்சத்தில், எட்டு நாளில் மூன்றே நாள்தான் நான் விலங்குகளுக்கு நடுவில் இருந்திருக்கிறேன். மற்ற நாட்களில் அதே நேரத்தில் பெட்டி கட்டிக்கொண்டு இருந்தேன், அல்லது நெடுஞ்சாலையில் ஏதோ ஒரு லாரிக்குப் பின்னால் போய்க்கொண்டு இருந்தேன்.

அடுத்த தடவை மாராவில் மட்டும் ஏழு இரவு. அதே கேமரா, அதே லென்ஸ். இன்றும் நான் எடுத்து எடுத்துப் பார்க்கிற படங்கள் எல்லாம் அந்த ஏழு நாளில் வந்தவை. அதனால் இந்த வழிகாட்டியில் மற்ற எல்லாவற்றையும் ஒரே விஷயத்தைச் சுற்றித்தான் சொல்லப் போகிறேன்: லென்ஸுக்கும் இடங்களின் எண்ணிக்கைக்கும் பணம் போடுவதற்கு முன்னால், ஒரே இடத்தில் காத்திருக்கும் நேரத்துக்கும் வண்டியில் உங்களுக்கென்று ஒரு ஜன்னலுக்கும் போடுங்கள்.

முதலில் இடங்களைக் குறையுங்கள்

மொத்தம் ஏழு நாள்தான் விடுமுறை என்றால் மாரா மட்டும் போதும். ஒன்பது, பத்து நாள் கிடைத்தால் அம்போசெலியில் மூன்று இரவு சேர்க்கலாம். அம்போசெலி 392 சதுர கிலோமீட்டர்தான், சிறியது. ஆனால் பின்னால் 5,895 மீட்டர் உயரக் கிளிமஞ்சாரோ, முன்னால் யானைக் கூட்டம் என்ற காட்சி வேறெங்கும் இப்படி அமையாது. மலை இருப்பது எல்லைக்கு அந்தப் பக்கம் தான்சானியாவில், படம் கிடைப்பது இந்தப் பக்கம் கென்யாவில். காலையில் கொஞ்ச நேரம் தெரியும், வெயில் ஏற ஏற மேகம் மூடிவிடும், சாயங்காலம் சில நாள் மறுபடி திறக்கும். அதனால்தான் மூன்று இரவு என்கிறேன். ஒரு இரவு தங்கினால் மலையே பார்க்காமல் திரும்ப நேரலாம். இங்கே 1972 முதல் சிந்தியா மாஸ் தொடங்கிய யானை ஆய்வு நடந்துவருகிறது, ஒவ்வொரு யானையையும் தனித்தனியாக அடையாளம் கண்டு வைத்திருக்கிறார்கள். வண்டிகளுக்குப் பழகிய யானைகள் பதற்றமில்லாமல் பக்கத்திலேயே நடந்து போகும், அதனால் அகல லென்ஸுக்கும் இங்கே வேலை இருக்கும்.

நகுருவும் நைவாஷாவும் அழகான இடங்கள்தான். ஆனால் முதல் பயணத்தில் அவற்றுக்காக மாராவில் இரண்டு காலைகளை இழக்காதீர்கள்.

எந்த மாதம்

எல்லோரும் கேட்பது இடம்பெயர்வைப் பற்றித்தான். பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட வில்டபீஸ்ட்டுகளும் (மாடு மாதிரி தோற்றமுள்ள பெரிய மான் வகை) லட்சக்கணக்கான வரிக்குதிரைகளும் மழையையும் புல்லையும் தேடி தான்சானியாவின் செரெங்கெட்டிக்கும் மாராவுக்கும் இடையே ஆண்டு முழுக்கச் சுற்றுகின்றன. அவை மாராவில் இருப்பது பொதுவாக ஜூலையில் இருந்து அக்டோபர் வரை. ஆற்றைக் கடக்கும் காட்சிதான் நோக்கம் என்றால் ஆகஸ்டு, செப்டம்பர். ஆனால் எந்த நாள், எந்தத் துறையில் கடக்கும் என்று யாராலும் உறுதி சொல்ல முடியாது; சொல்கிற ஏஜென்ட்டை நம்பாதீர்கள்.

சிங்கம், சிறுத்தை, சிவிங்கிப்புலிதான் வேண்டும் என்றால் அந்தக் கூட்ட நெரிசலே தேவையில்லை. அவை ஆண்டு முழுக்க மாராவிலேயே இருக்கின்றன. (நம்மில் பலர் சீட்டாவையும் சிறுத்தை என்றே சொல்கிறோம். லெப்பர்ட் என்பதுதான் சிறுத்தை, சீட்டா என்பது சிவிங்கிப்புலி. அங்கே வழிகாட்டியிடம் சுவாஹிலியில் கேட்க வேண்டுமானால் சிறுத்தைக்கு சூய், சிவிங்கிப்புலிக்கு டூமா.) ஜனவரி, பிப்ரவரி எனக்குப் பிடித்த மாதங்கள்: வானம் தெளிவு, வண்டிகள் குறைவு, நுழைவுக் கட்டணமும் பாதி. அதே மாதங்களில் தான்சானியாவின் ண்டுட்டு பக்கம் வில்டபீஸ்ட்டுகள் ஆயிரக்கணக்கில் குட்டி போடும். அங்கே பாதையை விட்டு இறங்கி வண்டி ஓட்டவும் அனுமதி உண்டு, சிவிங்கிப்புலி வேட்டைக்கு அது தனி உலகம். ஆனால் அதற்குத் தனி விசா, தனிப் பயணம்; மாராவோடு சேர்த்துக் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

ஏப்ரல், மே நீண்ட மழைக்காலம். மாராவின் மண் நம்ம ஊர் கரிசல் மாதிரி, நனைந்தால் சக்கரத்தை விடாது. ஆனால் புயல் மேகம், பச்சைப் புல், தூசியில்லாத காற்று எல்லாம் அப்போதுதான் கிடைக்கும். இரண்டாவது, மூன்றாவது தடவை போகிறவர்களுக்கு நான் தயங்காமல் சொல்வேன். முதல் தடவைக்கு வேண்டாம்.

ரிசர்வா, கன்சர்வன்சியா

விளம்பரங்களில் எல்லாவற்றையும் மசாய் மாரா என்றே போட்டிருப்பார்கள். ஆனால் அரசு ரிசர்வ் என்பது சுமார் 1,510 சதுர கிலோமீட்டர் கொண்டது. அதற்கு வடக்கிலும் கிழக்கிலும் மாரா நார்த், ஓலாரே மோட்டோரோகி, நபோயிஷோ மாதிரியான கன்சர்வன்சிகள் இருக்கின்றன. மசாய் குடும்பங்கள் தங்கள் நிலத்தைக் குத்தகைக்கு விட்டு வாடகை வாங்கும் இடங்கள் இவை. நடுவில் வேலி எதுவும் கிடையாது, விலங்குகள் இரண்டு பக்கமும் போய் வரும்.

படமெடுப்பவருக்கு வித்தியாசம் பெரியது. ரிசர்வில் பாதையை விட்டு இறங்கக் கூடாது, மாலை ஆறுக்கு மேல் சுற்ற முடியாது, ஒரு சிங்கத்தைச் சுற்றி நிறைய வண்டிகள் சேரும். கன்சர்வன்சியில் அங்கே தங்குபவர்களின் வண்டி மட்டும்தான், ஒரு விலங்கிடம் இத்தனை வண்டிதான் என்று வரம்பு உண்டு, தேவைப்பட்டால் புல்வெளியில் இறங்கி வெளிச்சம் சரியாக விழும் பக்கம் போய் நிற்கலாம், பல இடங்களில் இரவிலும் போகலாம். ஆனால் மாரா ஆற்றின் புகழ்பெற்ற கடவுத்துறைகள் ரிசர்வுக்குள் இருக்கின்றன. ஆற்றுக்கு மேற்கே இருக்கும் மாரா ட்ரையாங்கிள் ரிசர்வின் ஒரு பகுதிதான் என்றாலும் 2001 முதல் தனி நிர்வாகத்தில் இருக்கிறது, விதிகளை அங்கே கண்டிப்பாகப் பார்க்கிறார்கள், பாதைகளும் நன்றாக இருக்கின்றன.

என் கணக்கு இது. ஜூலை முதல் அக்டோபர் வரை என்றால் நான்கு இரவு கன்சர்வன்சி, மூன்று இரவு ட்ரையாங்கிள் அல்லது ஆற்றுக்குப் பக்கம். மற்ற மாதங்களில் முழுக்கக் கன்சர்வன்சி.

ரிசர்வ் கட்டணத்தையும் முன்கூட்டியே கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள். 2024-இல் இருந்து வெளிநாட்டுப் பெரியவர்களுக்கு ஜனவரி முதல் ஜூன் வரை நாளொன்றுக்கு 100 டாலர், ஜூலை முதல் டிசம்பர் வரை 200 டாலர். டிக்கெட் காலை ஆறில் இருந்து மாலை ஆறு வரை. பயணத் தொகையில் இது சேர்ந்திருக்கிறதா இல்லையா என்பதை எழுத்தில் வாங்குங்கள். ஐந்து நாளுக்கு ஒரு ஆளுக்கு ஆயிரம் டாலர் என்பது கடைசி நேரத்தில் தெரிந்துகொள்ளும் விஷயம் இல்லை.

வண்டிதான் உங்கள் ட்ரைபாட்

இதில்தான் நான் முதல் பயணத்தைக் கெடுத்துக்கொண்டேன். ஏழு பேர் உட்காரும் வேன், எனக்குக் கிடைத்தது நடு இருக்கை. சிங்கம் இடப்பக்கம் வந்தால் இடப்பக்கத்துக்காரர் முதுகுதான் படத்தில். கூட வந்தவர்களில் இரண்டு பேர் பத்து நிமிடத்தில் சலித்து "போகலாமே" என்பார்கள். அவர்கள் மேல் தப்பில்லை, அவர்கள் சுற்றிப் பார்க்க வந்தவர்கள்.

எனவே, பதிவு செய்வதற்கு முன் பயண ஏற்பாட்டாளரிடம் இவற்றைக் கேளுங்கள்:

- வண்டியில் மொத்தம் எத்தனை பேர்? ஆளுக்கு ஒரு முழு வரிசை உண்டா, அதாவது இரண்டு பக்க ஜன்னலும் எனக்கா?
- கூட வருபவர்களும் படமெடுப்பவர்களா?
- பக்கங்கள் திறந்த வண்டியா, கூரை மட்டும் திறக்கும் வண்டியா?
- காலை உணவைக் கையில் எடுத்துக்கொண்டு விடிவதற்கு முன்பே கிளம்பலாமா? மதியம் திரும்பாமல் நாள் முழுக்க வெளியே இருக்கலாமா? அதற்குக் கூடுதல் கட்டணமா?
- ஓட்டுநர்தான் வழிகாட்டியா? படமெடுப்பவர்களோடு எத்தனை வருடம் வேலை செய்திருக்கிறார்?

மூன்று பேர், ஒரு லேண்ட் குரூசர், மூன்று வரிசை. இதுதான் நான் சொல்வது. செலவு கூடும்தான், அதை ஈடுகட்ட கொஞ்சம் சாதாரணமான முகாமைத் தேர்ந்தெடுங்கள். நீச்சல்குளம் இருக்கும் முகாமில் அந்தக் குளத்தைப் பார்க்கவே உங்களுக்கு நேரம் இருக்காது.

திறந்த கூரை வழியாக நின்று எடுப்பது வசதி, ஆனால் அவ்வளவு உயரத்தில் இருந்து எடுத்தால் படுத்திருக்கும் சிங்கம் தரையோடு ஒட்டின மாதிரி வரும், பின்னணி முழுக்கப் புல்லாகவே இருக்கும். உட்கார்ந்து, ஜன்னல் விளிம்பில் லென்ஸை வைத்து, அதன் கண் மட்டத்துக்கு எவ்வளவு இறங்க முடியுமோ அவ்வளவு இறங்குங்கள். இதற்கு ட்ரைபாட் உதவாது, பீன் பேக்தான் வேண்டும். ஜிப் வைத்த காலிப் பையாக எடுத்துப் போங்கள்; முகாம் சமையலறையில் கேட்டால் அரிசியோ பீன்ஸோ நிரப்பித் தருவார்கள், கிளம்பும்போது திருப்பிக் கொடுத்துவிடலாம். படமெடுக்கும்போது இன்ஜின் ஓடவே கூடாது, அந்த அதிர்வு நீண்ட லென்ஸில் அப்படியே தெரியும். வண்டிக்குள் யாராவது கால் மாற்றி வைத்தாலே தெரியும் என்பதால் முதல் நாளே எல்லோரும் பேசி வைத்துக்கொள்ளுங்கள்.

காகிதங்களும் ஊசியும்

ஜூலை முதல் அக்டோபர் வரை போவதாக இருந்தால் பத்து, பன்னிரண்டு மாதம் முன்பே முகாமைப் பிடிக்க வேண்டும், நல்ல வழிகாட்டிகள் அதற்கும் முன்பே போய்விடுவார்கள்.

கென்யா 2024 ஜனவரியில் விசா முறையை எடுத்துவிட்டு இடிஏ என்ற மின்னணு அனுமதியைக் கொண்டுவந்தது. அரசுத் தளத்தில் நேரடியாக விண்ணப்பியுங்கள், அதே மாதிரி தோற்றத்தில் கூடுதல் பணம் பிடுங்கும் இடைத்தரகர் தளங்கள் நிறைய இருக்கின்றன.

இந்தியாவில் இருந்து போகிறவர்களுக்கு மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி கட்டாயம். திரும்பி வரும்போது அந்தச் சான்று இல்லையென்றால் ஆறு நாள் வரை தனிமைப்படுத்தி வைக்கலாம். பயணத்துக்குக் குறைந்தது பத்து நாள் முன்பு போட்டிருக்க வேண்டும், ஒருமுறை போட்டால் ஆயுளுக்கும் செல்லும். சென்னையில் கிண்டி கிங் இன்ஸ்டிட்யூட்டில் போடுகிறார்கள். முன்பதிவு வேண்டும், கடைசி வாரத்துக்கு வைக்காதீர்கள். மலேரியா மாத்திரைக்கு டாக்டரைப் பாருங்கள்.

இன்னொன்று, விலையுயர்ந்த கேமராவோடு இந்தியாவை விட்டுக் கிளம்பும்போது விமான நிலையச் சுங்கத்தில் ஏற்றுமதிச் சான்று வாங்கிக்கொள்ளுங்கள். சீரியல் எண்களை முன்பே தாளில் எழுதிக்கொண்டு போனால் வேலை சீக்கிரம் முடியும். திரும்பும்போது "இது எங்கே வாங்கினது" என்ற கேள்விக்கு அந்தத் தாள் பதில் சொல்லும்.

ட்ரோன் எடுத்துப் போகவே போகாதீர்கள், முன் அனுமதி இல்லாவிட்டால் நைரோபி விமான நிலையத்திலேயே வாங்கி வைத்துவிடுவார்கள். பிளாஸ்டிக் கைப்பைகளுக்கு 2017 முதல் கென்யாவில் தடை. லென்ஸைக் கேரி பேக்கில் சுற்றி எடுத்துப் போகும் பழக்கம் இருந்தால் மாற்றிக்கொள்ளுங்கள்.

நைரோபியில் இருந்து மாராவுக்கு சாலையில் ஐந்தாறு மணி நேரம், வில்சன் விமான நிலையத்தில் இருந்து சிறு விமானத்தில் ஒரு மணி நேரத்துக்குள். விமானத்தில் கைப்பையோடு சேர்த்து 15 கிலோதான், அதுவும் வளைந்து கொடுக்கும் துணிப்பையாக இருக்க வேண்டும், சக்கரம் வைத்த கெட்டிப் பெட்டியை ஏற்ற மாட்டார்கள். கேமராப் பையே பத்து கிலோ வந்துவிட்டால் துணிக்கு ஐந்து கிலோ. நான் மூன்று செட் துணியோடு போவேன், முகாமில் துவைத்துத் தருவார்கள்.

கேமரா, லென்ஸ், ஒரு ஈரிழைத் துண்டு

பாதையை விட்டு இறங்கக் கூடாத ரிசர்வில் 500, 600 மில்லிமீட்டர் தேவைப்படும். கன்சர்வன்சியில் 100-400 ஒன்றே பெரும்பாலான வேலையை முடித்துவிடும். உங்களிடம் இருப்பது 150-600 அல்லது 200-600 என்றால் அதுவே போதும், புதிதாக எதையும் வாங்க வேண்டாம். பெரிய லென்ஸ்தான் வேண்டும் என்றால் வாடகைக்கு எடுங்கள். அதைவிட முக்கியம் இரண்டாவது கேமரா. ஒன்றில் நீண்ட லென்ஸ், இன்னொன்றில் 70-200 அல்லது 24-105 போட்டுவிட்டு வண்டிக்குள் லென்ஸ் மாற்றுவதையே நிறுத்திவிடுங்கள். செப்டம்பர் மாராவின் தூசி மாவு மாதிரி இருக்கும், ஒரு தடவை சென்சாரில் ஏறினால் பயணம் முடியும்வரை ஒவ்வொரு வானத்திலும் புள்ளி.

தூசிக்கு நான் பயன்படுத்துவது ஈரிழைத் துண்டு. மடியில் கேமரா, அதன் மேல் துண்டு, ஒரே இழுப்பில் எடுத்துவிடலாம். ஜிப் பையில் இருந்து எடுப்பதற்குள் சிவிங்கிப்புலி ஓடி முடித்திருக்கும். குளிருக்கும் ஒன்று எடுத்துக்கொள்ளுங்கள்: ஆப்பிரிக்கா என்றதும் வெயிலையே நினைக்கிறோம், மாரா 1,500 மீட்டருக்கு மேல் இருக்கிறது, விடியற்காலை திறந்த வண்டியில் விரல் விறைத்துப்போகும்.

சதுரமான மூன்று முனை பிளக்குக்கு அடாப்டர் வேண்டும். சிங்கப்பூர், மலேசியாவில் இருந்து போகிறவர்களுக்கு வேண்டாம், அதே பிளக்தான். மின்சாரம் குறிப்பிட்ட நேரம் மட்டும் இருக்கும் முகாம்கள் உண்டு, அதனால் நான்கு பேட்டரி. ஒரு நாளைக்கு 2,000 படம், ஒன்று 30 எம்பி என்றால் 60 ஜிபி. அதை வைத்து கார்டுகளைக் கணக்கிடுங்கள். தினமும் இரவு இரண்டு ஹார்ட் டிஸ்க்கில் நகல், இரண்டையும் ஒரே பையில் வைக்காதீர்கள்.

களத்தில்

நிலநடுக்கோட்டுக்குப் பக்கம் என்பதால் சூரியன் ஆறரை வாக்கில் எழுந்து விறுவிறுவென்று ஏறிவிடும். எட்டரைக்கு மேல் வெளிச்சம் கடுமையாகும். பத்து மணிக்கு மேல் தரையில் இருந்து கானல் எழும். எவ்வளவு விலையுள்ள லென்ஸாக இருந்தாலும் தூரத்து விலங்கு தண்ணீருக்கு அடியில் இருப்பது மாதிரித்தான் வரும். அது ஃபோகஸ் கோளாறு இல்லை. அப்போது பக்கத்தில் இருப்பதை மட்டும் எடுங்கள்.

நிற்கும் விலங்குக்கு ஷட்டர் 1/500-க்குக் குறையாமல், ஓடுவதற்கும் பறப்பதற்கும் 1/2000-க்கு மேல், லென்ஸ் துளையை (அப்பர்ச்சர்) முழுக்கத் திறந்து, ஐஎஸ்ஓவை ஆட்டோவில் விடுங்கள். ஐஎஸ்ஓ 6400 என்று பார்த்துப் பயப்பட வேண்டாம், மணல்மணலாக வந்த படத்தைச் சரிசெய்யலாம், ஆடின படத்தை முடியாது. காலையில் விலங்குக்குப் பின்னால் இருந்து வெளிச்சம் வரும்போது எக்ஸ்போஷரை ஒன்றரை, இரண்டு ஸ்டாப் குறைத்துப் பாருங்கள்: வில்டபீஸ்ட் கிளப்பும் தூசி பொன்னாக எரியும், விலங்கு கறுப்பு உருவமாக நிற்கும். ஓடும் வரிக்குதிரையை 1/30-இல் கேமராவை அதனோடு சேர்த்துத் திருப்பி எடுத்துப் பழகுங்கள். ஐம்பதில் ஒன்றுதான் தேறும், அந்த ஒன்று போதும்.

இதையெல்லாம் அங்கே போய்ப் படிக்க முடியாது. கிளம்புவதற்கு ஒரு மாதம் முன்பு வேடந்தாங்கலிலோ, பள்ளிக்கரணையிலோ, தெருவில் ஓடும் நாயை வைத்தோ பழகுங்கள், பொத்தானைப் பார்க்காமல் விரல் போகிற அளவுக்கு.

அப்புறம் காத்திருப்பது. ஒரு செப்டம்பர் காலை எட்டு மணிக்கு மாரா ஆற்றங்கரையில் நின்றோம். எதிர்க்கரையில் ஆயிரக்கணக்கில் வில்டபீஸ்ட்டுகள் முனகிக்கொண்டே குவிந்துகொண்டிருந்தன. ஒரு வரிக்குதிரை மட்டும் சரிவில் இறங்கி, தண்ணீரில் மூக்கை வைத்து, காதை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தது. பத்தடி தள்ளி நீரில் ஒரு சிறு வளையம், அவ்வளவுதான், குதிரை துள்ளித் திரும்ப மொத்தக் கூட்டமும் தூசியைக் கிளப்பிக்கொண்டு மேலே ஓடிவிட்டது. இப்படி நான்கு தடவை. பக்கத்தில் நின்ற வண்டிகள் ஒவ்வொன்றாகக் கிளம்பிப் போயின. நானும் வேறெங்காவது போகலாமா என்றேன். எங்கள் வழிகாட்டி, "ஹரக்கா ஹரக்கா ஹைனா பரக்கா" என்றார். அவசரத்தில் பரக்கத் இல்லை என்று பொருள். பரக்கத் என்ற சொல் நமக்கும் தெரிந்ததுதானே, மொழிபெயர்க்காமலே பாதி புரிந்துவிட்டது. பன்னிரண்டே முக்காலுக்கு ஒன்று குதித்தது. அடுத்த இருபது நிமிடம் கரையே சரிந்து தண்ணீருக்குள் போவது மாதிரி இருந்தது. உச்சி வெயில், மோசமான வெளிச்சம், ஆனால் தெறிக்கும் நீருக்குள் ஒரு குட்டி தன் தாயின் முதுகில் தாடையை ஊன்றிக்கொண்டு நீந்தும் படம் அப்போதுதான் கிடைத்தது.

விலங்கு சொல்வதைக் கவனியுங்கள். படுத்திருக்கும் சிங்கம் அடுத்தடுத்துக் கொட்டாவி விட்டு நீட்டி முறித்தால் எழுந்து நடக்கப் போகிறது, கேமராவைத் தயார் செய்யுங்கள். இம்பாலா மான்கள் எல்லாம் ஒரே திசையைப் பார்த்து உறைந்து நின்றால் அந்தத் திசையில் ஏதோ இருக்கிறது. சிவிங்கிப்புலி கரையான் புற்றின் மேல் ஏறி உட்கார்ந்தால் இரை தேடுகிறது. பகலில் வேட்டையாடும் விலங்கு என்பதால் அதனோடு நாள் முழுக்க இருக்கலாம்.

இருக்கலாம் என்றேன், நெருங்கலாம் என்று சொல்லவில்லை. மாராவில் நடந்து 2018-இல் வெளியான ஓர் ஆய்வில், சுற்றுலா வண்டிகள் அதிகமான பகுதிகளில் தாய்ச் சிவிங்கிப்புலி வளர்த்து ஆளாக்கிய குட்டிகள் சராசரியாக 0.2, வண்டிகள் குறைந்த பகுதிகளில் 2.3 என்று வந்தது. இதைப் படித்ததில் இருந்து கன்சர்வன்சியைத் தேர்ந்தெடுப்பது எனக்கு வசதி சம்பந்தப்பட்ட விஷயமாக மட்டும் இல்லை. வேட்டைக்குப் பதுங்கும்போது குறுக்கே வண்டியை விடச் சொல்லாதீர்கள், டிப்ஸ் காட்டி விதியை மீறச் சொல்லவே சொல்லாதீர்கள், மாட்டினால் வேலை போவது ஓட்டுநருக்கு. ஐந்து வண்டி ஏற்கெனவே நின்றால் தள்ளி நின்று உங்கள் முறைக்குக் காத்திருங்கள். ஆற்றங்கரையில் கூட்டம் இறங்கும் வழியை மறைக்காதீர்கள். காண்டாமிருகப் படங்களைப் பகிர்வதற்கு முன் இருப்பிடத் தகவலை நீக்கிவிடுங்கள், கள்ள வேட்டைக்காரர்களுக்கு அது வழிகாட்டும். மசாய் மக்களை எடுப்பதற்கு முன் கேளுங்கள், வேண்டாம் என்றால் கேமராவை இறக்குங்கள்.

கடைசி நாள் வழிகாட்டிக்கு டிப்ஸ் டாலரில் கொடுக்கலாம், பழைய கசங்கிய நோட்டாக இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள். அவர் நன்றாக நிற்கும் இரண்டு, மூன்று படங்களையும் போனில் அனுப்பிவைத்துவிட்டுக் கிளம்புங்கள். மெமரி கார்டுகள், இரண்டில் ஒரு ஹார்ட் டிஸ்க், சுங்கச் சான்று, ஊசி போட்ட மஞ்சள் அட்டை நான்கும் கைப்பையில் இருக்கட்டும். அந்த அட்டையைத்தான் சென்னையில் இறங்கியதும் முதலில் கேட்பார்கள்.